அண்ணாந்து குடித்த தண்ணீர்

எனக்குப் பதினேழு வயதில் தலைவனாவது எப்படி என்று பயிற்சி கொடுத்தார்கள். யாருக்குத் தலைவன் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு அடி விழுந்தது. இப்போது உட்கார்ந்து எழுதினால் எல்லாம் கோர்வையாக வரும் என்று நினைத்தேன். எழுத எழுதக் குழப்பம்தான் கூடுகிறது. கூடட்டும், குழம்பியபடியே எழுதிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்து இரண்டாவது வருடம். காஜா பெராங்கில் எங்கள் வாடகை வீட்டுக்கு ஒரு சைக்கிள்காரன் காகிதம் கொண்டுவந்து கொடுத்தான். மேலே ஜப்பான் எழுத்து, நடுவில் மலாய், அடியில் யாரோ பென்சிலால் எழுதிய தமிழ் ஒரே வரி: "வாலிபர் தலைமைப் பயிற்சி முகாம், கிளேபாங், இரண்டு மாதம், சாப்பாடு உண்டு." அப்பா கடைசி இரண்டு வார்த்தையைத்தான் படித்தார். அவர் வெள்ளைக்காரனின் ரப்பர் கம்பெனியில் எடை பார்த்துக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். வெள்ளைக்காரன் கப்பலேறியதும் தராசும் போயிற்று, வேலையும் போயிற்று. வீட்டில் காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, ராத்திரிக்குக் காலையில் மிஞ்சிய மரவள்ளி. அம்மா அதை அவித்தாள், துருவினாள், மாவாக்கிச் சுட்டுத் தோசை என்று பெயர் வைத்தாள். பெயர் மாறியதே தவிர வயிறு ஏமாறவில்லை.

"ரெண்டு மாசம் ஒரு வயிறு கொறையும்" என்றார் அப்பா. என் முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் சாப்பாடு என்ற சொல் எனக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. அதனால் கோபத்தை நீட்டாமல் விட்டுவிட்டேன்.

அதே காகிதம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செட்டிகள் கம்பத்தில், அதாவது அவர்கள் குடியிருப்பில், இருந்த என் நண்பனுக்கும் வந்திருந்தது. மலாக்கா செட்டிகளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே ஊறிப்போன இந்துக் குடும்பங்கள். நெற்றியில் திருநீறு, கோயிலில் அம்மன், இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழில் அவனுக்குத் தெரிந்தது சாமி, அம்மா, பொங்கல், அப்புறம் நான் கற்றுக்கொடுத்த சில கெட்ட வார்த்தைகள். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அவர்கள் வீட்டு மலாயில்தான். அவன் சொன்னதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அவன் சிரிப்பை மட்டும் எழுத வரவில்லை. முதுகில் அடி விழுந்தாலும் அவனுக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகுதான் வலிக்கும்.

முகாம் என்பது கடலோரத் தென்னந்தோப்பு. மூன்று அத்தாப்பு ஓலைக் கொட்டகை, ஒரு கிணறு, ஒரு கொடிக்கம்பம், நாற்பது பையன்கள். எங்களுக்குப் பொறுப்பான ஜப்பான்காரரைச் சென்செய் என்று கூப்பிட வேண்டும். அவர்கள் பாஷையில் அது வாத்தியார். இருபத்தைந்து வயது இருக்கலாம். செருப்பில்லாமல் மணலில் எங்களுக்கு முன்னால் ஓடுவார். அவருக்கு மொழிபெயர்க்க நம்மவர் ஒருவர் இருந்தார், முன்பு தமிழ்ப் பள்ளி ஆசிரியர், மூன்றே மாதத்தில் ஜப்பான் பாஷை படித்தவர். துபாஷி ஐயா என்று கூப்பிட்டோம். சென்செய் கடலைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, நெஞ்சில் கைவைத்துக் கால் மணி நேரம் முழங்குவார். முடிந்ததும் நாற்பது பேரும் துபாஷி ஐயாவைப் பார்ப்போம். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நல்லா பண்ணணுமாம்" என்பார். அவ்வளவுதான். மீதிப் பேச்சு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

காலையில் எழுந்ததும் அவர்களுடைய சக்கரவர்த்தி இருக்கும் திசையைப் பார்த்து இடுப்பு வளைய வணங்க வேண்டும். சென்செய் கைகாட்டிய திசையில் பக்கத்துத் தோப்புக்காரரின் ஆட்டுக் கொட்டகை இருந்தது. நாங்கள் குனிவோம். ஆடுகள் அசைபோட்டுக்கொண்டே எங்களைப் பார்க்கும். என் நண்பனின் தோள் குலுங்கும். அவன் சிரிக்கிறான் என்று தெரிந்து குனிந்தபடியே அவன் காலை மிதிப்பேன். அந்த முகாமில் சிரிப்புக்கும் அடிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடம் இல்லை.

பத்துப் பேருக்கு ஒரு அணி, அணிக்கு ஒரு ஹன்ச்சோ, அதாவது தலைவன். கையில் சிவப்புத் துணிப்பட்டை கட்டிக்கொள்ளலாம். முதல் வாரமே எனக்கு அந்தப் பட்டை வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. நான் வேகமாக ஓடுபவன் இல்லை, பலசாலியும் இல்லை. குரல் மட்டும் பெரியது. ஒருவேளை அதுதானோ என்னவோ. எதுவாக இருந்தாலும் பட்டை கைக்கு வந்ததும் எனக்குத் தலை கனத்துவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை. கொட்டகையில் படுக்கும்போதும் அதைக் கழற்றவில்லை.

தலைமைப் பயிற்சி எப்படி நடந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். சென்செய் என்னைக் கூப்பிடுவார், கடற்கரைப் பக்கம் கைகாட்டுவார், "போ, கொண்டு வா" என்பார். எதை? அதைச் சொல்லமாட்டார். கேட்டால் அடி. ஒரு நாள் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய் விறகு பொறுக்கி வந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எல்லாவற்றையும் கீழே போடச் சொன்னார். மறுநாள் கல் கொண்டுவந்தோம். அதையும் போடச் சொன்னார். மூன்றாம் நாள் கோபத்தில் ஒன்றுமே எடுக்காமல் ஒன்பது பேரையும் வரிசையாக நடத்திக்கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் என் தோளில் தட்டினார். துபாஷி ஐயாவைப் பார்த்தேன். "ஆளுங்களத்தான் கேட்டாராம்" என்றார். அப்படியானால் முதல் நாள் விறகோடு வந்தவர்கள் யார்? நாங்கள்தானே? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் அன்றைக்கு ஏதோ பெரிதாகப் புரிந்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நீந்தக் கற்றுக்கொடுத்தார். தென்னந்தடிகளைக் கயிற்றால் பிணைத்து மிதவை கட்டக் கற்றுக்கொடுத்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தன் போர்வையைக் கொடுத்தார். மறுநாள் அந்தப் போர்வையைச் சரியாக மடிக்கவில்லை என்று அறைந்தார்.

இனிக் குவளையைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது.

புக்கிட் ரம்பாய் வரை அணிவகுத்து நடந்து, ஆளுக்கு ஒரு கட்டு விறகு சுமந்து திரும்பிய நாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சென்செய் அணிக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரே ஒரு எனாமல் குவளையும் வைத்தார். வெள்ளைக் குவளை, விளிம்பில் நீலக் கோடு, ஒரு பக்கம் சில்லு பெயர்ந்தது. ஹன்ச்சோ முதலில் குடித்துவிட்டு, மீதியைப் பக்கத்தில் இருப்பவனிடம் நீட்ட வேண்டும். நான் குவளையை எடுத்தேன், தலையைப் பின்னால் சாய்த்தேன், ஒரு சாண் உயரத்திலிருந்து தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தான். பொதுவான டம்ளரில் உதடு பட்டால் அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுவாள், கழுவி முடிக்கும் வரை திட்டுவாள். எச்சில் பண்ணாதே என்பதுதான் நான் கேட்டு வளர்ந்த முதல் சட்டம். அணியில் முக்கால்வாசிப் பேர் அப்படி அண்ணாந்து குடிக்கிறவர்கள்தான். என் பக்கத்தில் நின்ற நண்பனோ குவளையை வாயில் கவ்விக்கொண்டு மாடு மாதிரி உறிஞ்சினான்.

சென்செய் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நேராக வந்து என்னை அறைந்தார். "பாக்கேரோ!" முட்டாளே என்று அர்த்தம். அதற்கு மட்டும் துபாஷி தேவைப்படாது. அதன்பின் நீளமாகப் பேசினார். அன்றைக்கு துபாஷி ஐயாவும் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் நீட்டினார்.

"தோழன் வாய் வச்ச எடத்துல வாய் வைக்க அருவருப்புப் படுறவன் தலைவன் இல்லையாம். ஒரே குவள, ஒரே உசுருங்கிறார். வாய் வச்சுக் குடிங்கப்பா, நமக்கு ஏன் வம்பு."

"எங்க வீட்டுப் பழக்கங்கய்யா. அருவருப்பு இல்ல" என்றேன்.

"அத நான் எப்படி ஜப்பான்ல சொல்றது?" என்றார் அவர். பாவம், உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

சென்செய் தன் குவளையிலிருந்து ஒரு வாய் குடித்தார். மீதியை என்னிடம் நீட்டினார். நான் உதட்டை வைத்தேன். விளிம்பு வெதுவெதுப்பாக இருந்தது. குமட்டிக்கொண்டு வந்ததைக் கண்ணில் நீர் வர அடக்கி விழுங்கினேன். அவர் போன பிறகு நண்பன் என் விலாவில் இடித்தான். "செத்துட்டியா? இல்லல்ல? அப்ப சும்மா இரு" என்றான்.

அதிலிருந்து தினமும் வாய் வைத்தே குடித்தேன். முதல் நாள் குமட்டியது, மூன்றாம் நாள் குமட்டவில்லை, இரண்டாவது வாரத்தில் நினைவே இல்லை. நான் குடிப்பேன், வலது பக்கம் திரும்பி நண்பனிடம் நீட்டுவேன், அவன் வாங்கிக் குடிப்பான். வரிசை உயரப்படி. என் பக்கத்தில் எப்போதும் அவன்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நானும் மறக்காமல்தான் இருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா காஜா பெராங்கிலிருந்து கிளேபாங் வரை நடந்தே வந்தாள், துணியில் சுற்றிய மரவள்ளிப் புட்டோடு. அவள் வந்த நேரம் நாங்கள் குவளையைக் கைமாற்றிக்கொண்டிருந்தோம். வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். நான் அருகில் போனதும், "எச்சி பண்ணக் கத்துக்கிட்டியாடா?" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு புட்டை என் கையில் வைத்தாள். கொஞ்ச தூரத்தில் சென்செய் நின்றுகொண்டிருந்தார். அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் என்ன சொன்னாள் என்று துபாஷி ஐயாவிடம் கேட்டாரா, தெரியாது. அவள் போகும்போது அவர் லேசாகக் குனிந்தார். அம்மா பயந்துபோய் வேகமாக நடந்துவிட்டாள்.

ஏழாவது வாரம் விஷயம் வெளியே வந்தது. ஒவ்வொரு அணியின் தலைவனையும் வடக்கே சயாம் நாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே ரயில் ரோடு போடுகிறார்கள். தோட்டத்து ஆட்கள் ஐம்பது பேருக்கு ஒரு தலைவன். மூன்று மாதம். போகிறவன் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி, உடனே.

அரிசி! அந்த வார்த்தையைக் கேட்டு நாற்பது பேரும் எச்சில் விழுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. யாருக்குத் தலைவன் என்ற கேள்விக்கு ஒரு வழியாக விடை கிடைத்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே முகாமுக்கு வந்தார். கம்பெனி நாளில் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார், அந்த வெயிலில். "கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். தராசு போன நாளிலிருந்து கூன்போட்டே நடந்த மனிதர் அன்றைக்கு நிமிர்ந்து நின்றார். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் விறகு பிளக்கும் இடத்தில் முகாம் சமையல்காரர் என்னைக் கூப்பிட்டார். அவர் புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்து ஆள்.

"தம்பி, நீயும் சயாமுக்குப் போறியா?"

"ஆமாண்ணே."

அவர் கோடரியைக் கீழே வைத்தார். "எங்க தோட்டத்துலேர்ந்து ஆளுங்கள லாரியில ஏத்திட்டுப் போனாங்க. என் மச்சானும் போனான். மூணு மாசம்னாங்க. நாலு மாசம் ஆச்சு. ஒரே ஒருத்தன் ஓடி வந்து சேந்தான்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுஞ் சொல்லல. சாப்பிடுறான், தூங்குறான். தண்ணியக் குடுத்தா மட்டும் காய்ச்சினதான்னு நூறு தடவ கேக்குறான். அங்க வாந்திபேதியாம். விழுந்தவன விழுந்த எடத்துலயே விட்டுட்டுப் போயிருவாங்களாம். அத மட்டும் தூக்கத்துல பேசுனான்." கோடரியைத் திரும்ப எடுத்தார். "நான் சொன்னேன்னு சொல்லிராத."

யாரிடம் சொல்வேன்? அப்பாவிடம் சொல்ல முடியாது, அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கோயிலில் சொல்லிவிட்டார். சென்செய்யிடம் சொன்னால் சமையல்காரர் தொலைந்தார். நண்பனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன்தான் போகப் போவதில்லையே, அவனை ஏன் பயமுறுத்துவது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையான காரணமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பயந்துவிட்டேன் என்று அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதும் இருந்திருக்கலாம். பயம் என்றால் சும்மா இல்லை. மரவள்ளி தின்று மாண்டுபோகலாம், அது எவ்வளவோ மேல் என்று தோன்றிய பயம்.

கடைசி நாள் காலை. மணலில் நான்கு வரிசை. சென்செய் சுத்தமான சட்டை போட்டிருந்தார். சயாமுக்குப் போகும் தலைவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, அவர் கையால் தரும் குவளையில் குடிக்க வேண்டும். குடித்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். முதல் மூன்று அணித் தலைவர்களும் குடித்தார்கள், வாய் வைத்து, ஒழுங்காக. நான்காவது நான்.

நடந்து போனேன். அதே எனாமல் குவளை, அதே சில்லு பெயர்ந்த விளிம்பு. வாங்கினேன். அடுத்து நடந்ததை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது. கை மேலே போனது. தலை பின்னால் சாய்ந்தது. தென்னை ஓலைகளுக்கு நடுவே வானம் தெரிந்தது. தண்ணீர் ஒரு கோடாகத் தொண்டையில் விழுந்தது. உதட்டில் குவளை படவில்லை.

ஏழு வாரமாக வாய் வைத்தே குடித்தவன் நான். அதில் தேறியவன். அன்றைக்கு ஏன் அண்ணாந்தேன்? மரியாதையான இடத்தில், பெரியவர் முன்னால், உடம்பு தானாக வீட்டுப் பழக்கத்துக்குத் திரும்பியதா? இல்லை, இப்படிக் குடித்தால் இவன் தலைவன் இல்லை என்பார் என்று எனக்குத் தெரிந்தே செய்தேனா? தெரியும்தானே, அவரே சொன்னதுதானே. ஆனால் அந்த நேரத்தில் அப்படி ஒரு நினைப்பு என் தலையில் ஓடியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஓடவில்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது.

அடிக்காகக் கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை. சென்செய் என் கையிலிருந்து குவளையை வாங்கினார். என் வாய் படாத அந்த விளிம்பைத் தன் சட்டை முனையால் துடைத்தார். எதற்குத் துடைத்தார்? இரண்டே வார்த்தை சொன்னார். துபாஷி ஐயா அதை மொழிபெயர்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சென்செய் என் கைப்பட்டையை அவிழ்த்தார். வாளியில் மொண்டு குவளையை நிரப்பினார். என் வரிசையில் எனக்கு அடுத்து நின்றவனைக் கூப்பிட்டார்.

என் நண்பன் வந்தான். குவளையைக் கவ்விக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தான். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

அந்த இரண்டு வார்த்தை என்ன என்று பிறகு ஒரு நாள் பசாரில் துபாஷி ஐயாவைப் பார்த்தபோது கேட்டேன். "எவ்வளவோ பேசுவாரு. மறந்துட்டேன்பா" என்றார். திட்டியிருந்தால் மறந்திருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலிக்கு வெளியே நின்ற அம்மா சென்செய்யின் நினைவுக்கு வந்தாளா? என்னை விட்டுவிட வேண்டும் என்று நினைத்தாரா? அப்படி நினைத்திருந்தால், என் நண்பனுக்கு மட்டும் அம்மா இல்லையா? எந்தப் பக்கம் போனாலும் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

வீட்டில் அப்பா பத்து நாள் என்னோடு பேசவில்லை. கோட்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். அம்மாவோ, வீட்டில் இருந்த கடைசிக் கருவாட்டுத் துண்டை அன்றைக்கு எனக்குத்தான் போட்டாள்.

மூன்றாம் நாள் லாரி வந்தது. வழியனுப்பப் போனேன். நண்பன் கையில் என் சிவப்புப் பட்டை. அவன் சிரிக்காமல் வந்த ஒரே நாள் அதுதான். லாரியில் ஏறுவதற்கு முன் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"ஒன் எடத்த நான் எடுத்துட்டேன்னு கோவமா?" என்றான். "நான் கேக்கல. அவராதான் கூப்பிட்டாரு. நீதான் போயிருக்கணும். எனக்குத் தெரியும், ஒனக்குத்தான் ஆச."

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போதாவது சமையல்காரர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். சொன்னால் அவன் லாரியில் ஏறமாட்டான், ஏறாவிட்டால் கணக்குக்கு ஒரு ஆள் குறையும், குறைந்தால் யாரைத் தேடுவார்கள்? இதையெல்லாம் அந்த ஒரு நொடியில் யோசித்தேன். இது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "கோவம் இல்ல. நல்லபடியா போய்ட்டு வா" என்றேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. லாரி போனது.

மறுநாள் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள், தலையில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு. டின் நிறைய அரிசி. அவர்களுக்குக் கிடைத்த மூட்டையில் பாதி. "இது உங்க மகனுக்கு வரவேண்டியது. எம் மகன் குடுக்கச் சொல்லிட்டுப் போனான்" என்று மலாயில் சொன்னாள். அப்பா வேண்டாம் என்று கையை ஆட்டினார். அம்மா டின்னை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு வெந்த வாசனை வந்தது. சாப்பிட்டேன். ஒவ்வொரு பிடியும் இனித்தது. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று மாதம் ஆனது. ஆறு மாதம் ஆனது. அவன் அம்மா தினமும் கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் வாசலைத் தாண்டுவாள். நான் அந்த நேரம் பார்த்துப் பின்பக்கம் போய்விடுவேன். அவள் ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னைக் காணும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள்.

ஜப்பான்காரன் தோற்று, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, சில மாதம் கழித்து ஒரு மத்தியானம். வாசலில் யாரோ நின்றார்கள். பிச்சைக்காரன் என்று நினைத்து, "அப்புறம் வா" என்று விரட்டினேன். அவன் சிரித்தான். சிரித்த பிறகுதான் ஆள் தெரிந்தது.

முதலில் கட்டிப்பிடித்தேனா, அழுதேனா என்று ஞாபகம் இல்லை. தோள் எலும்பு கையில் குத்தியது ஞாபகம் இருக்கிறது. காலில் துணி சுற்றியிருந்தான். அம்மா ஓடிப்போய்ப் பித்தளை டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் அதற்குள் பார்த்தான், "காய்ச்சினதா?" என்றான். "ஆமாம்பா" என்றாள் அம்மா. அவன் தலையைப் பின்னால் சாய்த்தான். ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினான். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. எங்கள் குடும்பத்தில்கூட யாரும் அவ்வளவு சுத்தமாகக் குடித்து நான் பார்த்ததில்லை. அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"இது எப்ப கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"ஒன்கிட்டதான்" என்றான். "அங்க அம்பது பேருக்கும் ஒரே தகர டின். ஒருத்தன் வாய் வச்சத இன்னொருத்தன் வாங்கிக் குடிப்பான். காலையில குடிச்சவன் சாயங்காலம் இருக்கமாட்டான். எனக்கு ஒன் ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கி சென்செய் முன்னாடியே நீ வாய் வைக்காமக் குடிச்சியே, அடிக்குக்கூடப் பயப்படாம. நானும் அன்னியிலேர்ந்து அப்படியே குடிச்சேன். அதனாலதான் வந்து சேந்தேன்."

அது வைத்தியப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. அவன் அப்படித்தான் நம்பினான். ஐம்பது பேரில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

"பயப்படாம" என்று அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்னை அறைந்தது. சென்செய் அன்றைக்கு அறையாமல் விட்ட அறை. சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சமையல்காரர் சொன்னது, நான் மறைத்தது, லாரி அருகே யோசித்தது எல்லாவற்றையும். அதன்பின் சொல்வதற்கு எத்தனையோ வருடம் இருந்தது. இரண்டு சந்து தள்ளித்தான் அவன் குடியிருந்தான், என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக நின்றான். நான் சொல்லவில்லை.

"சும்மா பழக்கம்தான்" என்றேன் அன்றைக்கு.

"நல்ல பழக்கம்" என்றான். டம்ளரில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. முகாமில் நான் அவனிடம் தினமும் நீட்டிய மாதிரியே அதை என்னிடம் நீட்டினான். வாங்கினேன். தூக்கிப் பார்த்தேன். டம்ளரை இறக்கி, வாய் வைத்துக் குடித்தேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் நின்றாள், திட்டாமல் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.